அசைன்மென்டில் ஏஐ: எது உதவி, எது ஏமாற்று

துருக்கியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் 2023-ன் பிற்பகுதியில் ஒரு பரிசோதனை நடந்தது. ஏறக்குறைய ஆயிரம் மாணவர்கள். கணக்குப் பயிற்சி வகுப்பில் சிலருக்குப் பாடப்புத்தகமும் அவர்களுடைய நோட்டும் மட்டும். வேறு சிலருக்கு ஜிபிடி-4 கொடுத்தார்கள். நாம் எல்லோரும் பயன்படுத்தும் சாட்ஜிபிடியைப் போலவே, கேட்டால் விடையைச் சொல்லிவிடும். மூன்றாவது பகுதியினருக்கும் அதே ஜிபிடி-4 தான். ஆனால் விடையைச் சொல்லாமல், அடுத்த படிக்குப் போவதற்கான குறிப்பை மட்டும் தரும்படி ஆசிரியர்களின் உதவியோடு அதை அமைத்திருந்தார்கள்.

பயிற்சியின்போது, புத்தகம் மட்டும் வைத்திருந்தவர்களைவிட ஜிபிடி-4 வைத்திருந்தவர்கள் 48 சதவீதம் கூடுதலாக மதிப்பெண் எடுத்தார்கள். குறிப்பு மட்டும் கிடைத்தவர்கள் 127 சதவீதம் கூடுதல். பிறகு எல்லாக் கருவிகளையும் எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தார்கள். விடை சொல்லும் ஜிபிடியோடு பழகியவர்கள், ஏஐயைத் தொடாதவர்களைவிட 17 சதவீதம் குறைவாக எடுத்தார்கள். குறிப்பு மட்டும் வாங்கியவர்களுக்கு இந்தச் சரிவு பெரும்பாலும் ஏற்படவில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய இந்த ஆய்வு, 2025-ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்தது. அதில் என்னை அதிகம் கலங்கவைத்தது இன்னொரு செய்தி. பின்தங்கிய அந்த மாணவர்களுக்குத் தாங்கள் பின்தங்கியதே தெரியவில்லை. தங்கள் படிப்பு குறைந்துவிட்டதாக அவர்கள் நினைக்கவே இல்லை.

கல்லூரியில் ஏஐ என்று பேச்செடுத்தால், மாட்டிக்கொள்வது, மாட்டிக்கொள்ளாமல் இருப்பது என்ற இரண்டுக்குள்ளேயே பேச்சு சுற்றிவருகிறது. மாணவர்கள் தப்பிக்கும் வழியைத் தேடுகிறார்கள், ஆசிரியர்கள் பிடிக்கும் வழியைத் தேடுகிறார்கள். துருக்கி ஆய்வைப் படித்தால் விஷயம் வேறிடத்தில் இருப்பது தெரியும். கருவி ஒன்றுதான். எந்த வேலையை அது செய்தது, எந்த வேலையை மாணவர் செய்தார் என்பதில்தான் விளைவு மாறியது. நேர்மையைப் பற்றிய கேள்வியையும் இங்கிருந்தே தொடங்கலாம் என்பது என் கருத்து. இந்த அசைன்மென்டை எதற்காகக் கொடுத்தார்கள்? எதை நான் செய்து பழகவேண்டும் என்று கொடுத்தார்களோ, அதை நான் செய்தேனா? மற்ற இடங்களில் வாங்கிய உதவியை ஆசிரியரின் முகம் பார்த்துச் சொல்ல முடியுமா?

பயன்படுத்தலாமா கூடாதா என்ற விவாதத்துக்கு இனி அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30 அன்று வெளியானது. நியூயார்க் நகரின் அரசுப் பள்ளிகள் 2023 ஜனவரியில் அதைத் தடைசெய்தன. அதே ஆண்டு மே மாதம் தடையை விலக்கிக்கொண்டன. பிரிட்டனில் உயர்கல்விக் கொள்கை நிறுவனம் 2025-ல் வெளியிட்ட கணக்கெடுப்பில், மதிப்பெண்ணுக்கான வேலைகளில் ஏஐயை ஏதோ ஒரு வகையில் பயன்படுத்தியதாகச் சொன்ன மாணவர்கள் 88 சதவீதம். அதற்கு முந்தைய ஆண்டு அது 53 சதவீதமாக இருந்தது. நம் ஊர்க் கல்லூரி விடுதிகளில் நிலைமை பெரிதாக மாறுபட்டிருக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

பத்து சதவீதத்துக்குக் கீழே வந்தால் போதுமா?

நம் மாணவர்களிடம் 'இது திருட்டு இல்லையா' என்று கேட்டால் பலரும் சொல்லும் பதில், "சார், பிளேஜியரிசம் ரிப்போர்ட் பத்து சதவீதத்துக்குக் கீழேதான் சார் இருக்கு." இந்தப் பத்து எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது.

பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, 2018-ல் கல்வி நேர்மைக்கும் கருத்துத் திருட்டைத் தடுப்பதற்கும் ஓர் ஒழுங்குமுறையைக் கொண்டுவந்தது. ஆய்வேட்டின் வாக்கியங்கள் ஏற்கெனவே வெளிவந்த எழுத்தோடு ஒத்துப்போகும் அளவு, அதாவது ஒற்றுமை, 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் அதிகபட்சம் ஆறு மாதத்துக்குள் திருத்தி மறுபடி கொடுக்கவேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது. 60-ஐத் தாண்டினால் அந்தப் படிப்புக்கான பதிவே ரத்து. முனைவர் பட்ட மாணவர்களுக்கு இந்த எண்கள் மனப்பாடம்.

இந்த ஒழுங்குமுறையில் இரண்டு விஷயங்களை யாரும் கவனிப்பதில்லை. ஒன்று, இது கல்லூரி அசைன்மென்டுகளுக்கானதே இல்லை. எந்தெந்தப் படைப்புகளுக்கு இது பொருந்தும் என்று சொல்லும் இடத்தில், அசைன்மென்ட், பருவக் கட்டுரை, ப்ராஜெக்ட் அறிக்கை, விடைத்தாள் ஆகியவற்றை வெளிப்படையாகவே விலக்கிவைத்திருக்கிறார்கள். பி.ஏ., பி.எஸ்சி., பி.இ. மாணவர்கள் தினமும் எழுதும் எதற்கும் அந்தப் பத்து சதவீதம் சட்டமல்ல. அங்கே விதி வகுக்கவேண்டியது கல்லூரியும் துறையும் பாட ஆசிரியரும்தான். பல இடங்களில் அப்படி எதுவும் எழுதிவைக்கப்படவில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்புவதற்காக ஆய்வேட்டின் எண்ணைக் கொண்டுவந்து ஒட்டிவிடுகிறோம்.

இரண்டாவது விஷயம் இதைவிடப் பெரியது. கருத்துத் திருட்டு என்றால் இன்னொருவருடைய உழைப்பையோ கருத்தையோ தன்னுடையதாகக் காட்டுவது என்று அந்த ஒழுங்குமுறை விளக்குகிறது. ஒற்றுமையைப் பார்க்கும் மென்பொருள், ஏற்கெனவே எங்கோ எழுதப்பட்ட வாக்கியங்களோடு உங்கள் வாக்கியங்களை ஒப்பிட்டுப் பார்க்கும். ஏஐ எழுதித்தரும் வாக்கியமோ பெரும்பாலும் அப்போதே புதிதாக உருவாவது. அதே வரி வேறெங்கும் இருக்காது. முழுக் கட்டுரையையும் ஏஐயிடம் வாங்கிக் கொடுத்தாலும் ரிப்போர்ட் 3 சதவீதம், 4 சதவீதம் என்று பச்சை நிறத்தில் வரும். கஷ்டப்பட்டுப் படித்து, மேற்கோள்களைச் சேர்த்து எழுதிய மாணவிக்கு 14 சதவீதம் வந்து அவர் பயந்துபோயிருப்பார். நேர்மையை அளக்க 2018-ல் உருவாக்கிய அளவுகோல் 2022-க்குப் பிறகு எதையும் சரியாக அளப்பதில்லை. அந்த எண்ணைக் காட்டித் தங்களை நேர்மையானவர்கள் என்று நம்பும் மாணவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. நாம் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே இலக்கணம் அதுதான்.

இல்லாத புத்தகம் எப்படி வருகிறது

இந்தக் கருவிகள் எப்படி வேலை செய்கின்றன என்பதைக் கொஞ்சமாவது புரிந்துகொள்ளாமல் பொறுப்போடு பயன்படுத்த முடியாது. இவை ஏராளமான எழுத்துகளைப் படித்து, ஒரு துண்டுச் சொல்லுக்கு அடுத்து எந்தத் துண்டு வர வாய்ப்பு அதிகம் என்று கணிக்கப் பழகியவை. உண்மைகளை அடுக்கிவைத்த அலமாரி எதுவும் உள்ளே கிடையாது. தெரிந்ததைச் சொல்லும்போதும் தெரியாததைச் சொல்லும்போதும் தொனி ஒன்றாகவே இருப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆய்வுக் குறிப்புகள் விஷயத்தில் இது மிக மோசமாக வெளிப்படுகிறது. ஆசிரியர் பெயர், ஆண்டு, கட்டுரைத் தலைப்பு, இதழின் பெயர், தொகுதி எண், பக்க எண் என்று மேற்கோள் குறிப்புக்கு ஒரு கட்டுக்கோப்பான வடிவம் உண்டு. வடிவத்தைப் பின்பற்றுவதில் இந்தக் கருவி கெட்டிக்காரத்தனமானது. ஆகவே உண்மையான இதழின் பெயரில், அந்தத் துறையில் உண்மையிலேயே இருக்கும் ஒருவரின் பெயரில், எழுதப்படவே இல்லாத ஒரு கட்டுரையை அது உருவாக்கிவிடும். இப்போதைய கருவிகள் இணையத்தில் தேடிப் பார்த்துச் சொல்வதால் இது குறைந்திருக்கிறது. போய்விடவில்லை. தேடி எடுத்த பக்கம் உண்மையாகவே இருந்தாலும், அதில் சொல்லாத ஒன்றைச் சொன்னதாக எழுதுவதும் நடக்கிறது.

நியூயார்க்கில் 2023-ல் ஏவியாங்கா விமான நிறுவனத்துக்கு எதிரான ஒரு வழக்கில், வழக்கறிஞர்கள் தாக்கல் செய்த மனுவில் இருந்த முன்தீர்ப்புகளில் ஆறு, இல்லாத தீர்ப்புகள். சாட்ஜிபிடி கொடுத்தவை. வழக்கறிஞர் ஒருவர், இந்தத் தீர்ப்புகள் உண்மையா என்று அதே சாட்ஜிபிடியிடம் கேட்டிருக்கிறார். ஆமாம், உண்மைதான் என்று அது பதில் சொல்லியிருக்கிறது. நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். சொன்னவரிடமே போய் 'நீ சொன்னது சரியா' என்று கேட்பது சரிபார்ப்பு ஆகாது. நம் மாணவர்களில் பலர் இன்றும் செய்வது அதைத்தான்.

தமிழ், வரலாறு படிக்கும் மாணவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் இந்தக் கருவிகள் பயின்ற தமிழ் எழுத்து மிகக் குறைவு. சங்கப் பாடல் ஒன்றைக் கேட்டால், தொகையின் பெயர், பாடல் எண், புலவர் பெயர் எல்லாவற்றோடும் நாலு வரி வரும். எண் சரியாக இருந்து வரிகள் வேறு பாடலுடையதாக இருக்கலாம். பழந்தமிழ் ஓசையோடு புதிதாகச் செய்யப்பட்ட வரிகளாகவும் இருக்கலாம். குறள் கேட்டாலும் இதே கதி. ஏழு சீர் இருக்கும், ஆனால் 1,330-ல் எங்கே தேடினாலும் கிடைக்காது. கல்வெட்டு என்றால் தொகுதி எண்ணும் வரிசை எண்ணும் சேர்த்தே தந்துவிடும். சரிபார்ப்பது இங்கே கடினமும் இல்லை. 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகமும் இலவசமாகவே திறந்திருக்கின்றன. பாடல் எண்ணை வைத்து மூலத்தைத் திறந்து பார்க்க ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்தைச் செலவழிக்காமல் இல்லாத பாட்டைப் புலவர் பெயரில் எழுதிக் கொடுப்பது வெறும் கவனக்குறைவு என்று நான் எடுத்துக்கொள்ளமாட்டேன். நாம் பார்க்காத ஒன்றைப் பார்த்ததாகச் சொல்வது அது. மேற்கோள் குறிப்பு என்பதே 'நான் இதைப் படித்தேன்' என்று வாசகருக்குக் கொடுக்கும் வாக்குதானே.

ஏஐ எழுத்தைக் கண்டுபிடிக்கும் கருவிகளை நம்பலாமா

நம்பக்கூடாது என்பதுதான் என் பதில். அதற்கான காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் நம் மாணவர்களைத்தான் இது அதிகம் காயப்படுத்தும்.

சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரி இறுதியில் ஒரு கண்டுபிடிப்புக் கருவியை வெளியிட்டது. அவர்கள் கொடுத்த கணக்குப்படியே, ஏஐ எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் அது ஏஐ எழுதியிருக்கலாம் என்று அடையாளம் கண்டது. மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தை ஏஐ எழுதியது என்று தவறாகச் சொன்னது. துல்லியம் குறைவு என்று காரணம் சொல்லி அதே ஆண்டு ஜூலையில் அதைத் திரும்பப் பெற்றார்கள். கருத்துத் திருட்டைச் சோதிக்கும் மென்பொருளை விற்கும் டர்னிட்டின் நிறுவனம் 2023 ஏப்ரலில் தன் கருவியைக் கொண்டுவந்தது. தவறாகக் குற்றம் சாட்டுவது ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்றது. ஒரு சதவீதம் கேட்கச் சின்னதாகத்தான் இருக்கிறது. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் அதைத் தன் கணக்கில் போட்டுப் பார்த்தது. 2022-ல் அவர்கள் டர்னிட்டினுக்கு அனுப்பிய கட்டுரைகள் 75,000. அதில் ஒரு சதவீதம் என்றால் 750 கட்டுரைகள். 2023 ஆகஸ்டில் அந்த வசதியையே அணைத்துவிட்டார்கள்.

இந்தக் கருவிகள் பலவும் எழுத்தின் எதிர்பாராத் தன்மையை அளக்கின்றன. அடுத்த சொல் எளிதில் ஊகிக்கக்கூடியதாக இருந்தால், வாக்கியங்கள் ஒரே நீளத்தில் போனால், ஏஐ என்று முடிவுகட்டும். இப்போது யோசித்துப் பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டுக் கல்லூரியில் ஆங்கிலத்தில் எழுதும் மாணவர் எப்படி எழுதுவார்? தெரிந்த சொற்களை வைத்து, தப்பு வராத அளவுக்குச் சின்னச் சின்ன வாக்கியங்களாக, கைடில் மனப்பாடம் செய்த தொடக்கமும் முடிவும் சேர்த்து எழுதுவார். எளிதில் ஊகிக்கக்கூடிய ஆங்கிலம் என்றால் அதுதான்.

இது வெறும் ஊகம் இல்லை. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023-ல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளிடம் கொடுத்தார்கள். எல்லாமே மனிதர்கள் எழுதியவை. சராசரியாக 61 சதவீதத்தை ஏஐ எழுதியது என்று கருவிகள் சொல்லின. ஏழு கருவிகளில் ஒன்றாவது தவறாகக் குற்றம் சாட்டிய கட்டுரைகள் 97 சதவீதத்துக்கும் மேல். அதே கருவிகள், அமெரிக்காவில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதிய கட்டுரைகளைக் கிட்டத்தட்டப் பிழையில்லாமல் மனித எழுத்து என்று சொல்லின. அதற்குப் பிறகு கருவிகள் மாறியிருக்கின்றன, உண்மைதான். அளக்கும் கோட்பாட்டில் இருக்கும் சாய்வு அப்படியே இருக்கும்வரை, முதல் தலைமுறைப் பட்டதாரி ஒருவரின் மதிப்பெண்ணை அந்த எண்ணின் மீது முடிவுசெய்வதை என்னால் ஏற்கமுடியாது.

இந்தியாவிலும் இது நீதிமன்றம்வரை போயிருக்கிறது. 2024-ல் ஹரியானாவில் ஓ.பி. ஜிண்டால் பல்கலைக்கழகத்தின் சட்ட முதுகலை மாணவர் ஒருவரின் விடையில் 88 சதவீதம் ஏஐ எழுதியது என்று சொல்லி, அந்தத் தாளில் தோல்வி என்று அறிவித்தார்கள். அவர் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கு நிலுவையில் இருக்கும்போதே பல்கலைக்கழகம் அவரைத் தேர்ச்சி பெற்றவராக ஆக்கியது. வழக்கும் அத்தோடு முடிந்தது. ஆகவே கருவியின் எண் சான்றாகுமா என்ற கேள்விக்கு அங்கே தீர்ப்பு கிடைக்கவில்லை.

கருவிகளின் இன்னொரு கெடுதல், நேர்மையானவர்களையும் அவை வளைக்கின்றன. தான் சொந்தமாக எழுதியதையே 'மனித எழுத்தாக்கும்' மென்பொருளில் போட்டு, நல்ல சொற்களைக் கெடுத்து, பயத்தில் கொடுக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். எழுதக் கற்றுக்கொடுக்க வேண்டிய இடம், எழுத்தை மோசமாக்கக் கற்றுக்கொடுக்கிறது.

அப்படியானால் எல்லை எங்கே

எல்லாப் பாடத்துக்கும் பொருந்தும் ஒரே கோடு கிடையாது. அசைன்மென்டின் நோக்கத்தை வைத்துத்தான் கோடு போடமுடியும்.

ஆங்கில இலக்கண, எழுத்துப் பயிற்சித் தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே 'என் ஆங்கிலத்தைத் திருத்திக் கொடு' என்று ஏஐயிடம் சொல்வது, செய்ய வேண்டிய வேலையையே கொடுத்துவிடுவது. அதே மாணவர் பொருளாதாரத் தாளுக்கு, தன் கிராமத்தில் நூறு நாள் வேலைத் திட்டக் கூலி எப்படிச் செலவாகிறது என்று வீடு வீடாகக் கேட்டு எழுதிய அறிக்கையின் ஆங்கிலத்தை மட்டும் திருத்தச் சொன்னால், அதில் எனக்குக் குற்றம் தெரியவில்லை. விவரத்தைச் சேகரித்ததும் யோசித்ததும் அவர்தான். மொழித் திருத்தம் வாங்கியதை ஒரு வரியில் சொன்னால் போதும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தத் திருத்தம் அக்காவிடமோ ட்யூஷன் ஆசிரியரிடமோ எப்போதும் கிடைத்துவந்ததுதானே.

புரிந்துகொள்வதற்காகக் கேட்பது இன்னும் தெளிவான விஷயம். வெப்ப இயக்கவியல் பாடம் ஆங்கிலப் புத்தகத்தில் புரியவில்லை, தமிழில் விளக்கு, நான் சொல்வது சரியா பார், எங்கே தப்பு என்று மட்டும் சொல், விடையைச் சொல்லாதே என்று இரவு பதினொரு மணிக்குக் கேட்க ஒருவர் கிடைப்பது நம் மாணவர்களில் பலருக்கு வாழ்க்கையில் முதல்முறையாக நடக்கிறது. இதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். துருக்கியின் மூன்றாவது குழு செய்தது இதுதான். 'விடையைச் சொல்லாதே' என்ற அந்த ஒரு வரியை மாணவரே எழுதவேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். வகுப்பில் கேட்கக் கூச்சப்படும் கேள்விகளை இங்கே கேட்கலாம். புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் மட்டும் கூடவே வேண்டும்.

கணினித் துறைக்கு வருவோம். டேட்டா ஸ்ட்ரக்சர் ஆய்வகத்தில் இணைப்புப் பட்டியலைத் தலைகீழாக்கும் நிரலை எழுதச் சொன்னால், சுட்டிகள் எந்த வரிசையில் மாறவேண்டும் என்று தாளில் படம் போட்டுத் தடுமாறுவதற்காகத்தான் அதைக் கொடுக்கிறார்கள். அந்த நிரல் உலகத்தில் ஏற்கெனவே ஆயிரம் இடங்களில் இருக்கிறது. யாருக்கும் அது தேவையில்லை. தேவைப்படுவது அந்தத் தடுமாற்றம். சைக்கிள் ஓட்டப் பழகும் பிள்ளையைப் பின்னால் உட்காரவைத்து அப்பாவே ஓட்டிவிட்டால் பிள்ளை ஊர்போய்ச் சேர்ந்திருக்கும், ஓட்டத் தெரிந்திருக்காது. ஆனால் மூன்றாம் ஆண்டில், ஒரு மருத்துவமனையின் முன்பதிவுச் செயலியைக் குழுவாகச் செய்யும்போது, நிரல் எழுதித்தரும் கோபைலட் போன்ற ஏஐ கருவிகளை வைத்து வழக்கமான பகுதிகளை எழுதிக்கொள்வது வேறு. வேலைக்குப் போகும் இடத்தில் அதைத்தான் செய்யப்போகிறார்கள். அங்கே கேள்வி, ஒவ்வொரு பகுதியும் ஏன் அப்படி இருக்கிறது என்று குழுவில் யாரைக் கேட்டாலும் சொல்ல முடியுமா என்பது.

கள ஆய்வு செய்யும் சமூகப்பணி, செவிலியர், உளவியல் மாணவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. மற்றவர்கள் நம்பிச் சொன்ன விவரங்கள், நோயாளிகளின் குறிப்புகள், பேட்டிகளின் பதிவுகள் இவற்றைப் பெயரோடு அப்படியே ஏஐயில் ஒட்டுவதற்கு உங்களுக்கு உரிமை கிடையாது. அவர்கள் சம்மதித்தது உங்களிடம் பேசுவதற்கு.

எல்லை தெரிந்தபின் மீதி இருப்பது, சொல்லிவிடுவது. நேச்சர் உள்ளிட்ட ஆய்விதழ்கள் 2023-லேயே ஏஐயை ஆசிரியராகப் போடமுடியாது என்று முடிவுசெய்தன. எழுதியதற்குப் பொறுப்பேற்க அதனால் முடியாது என்பதே காரணம். பயன்படுத்தியிருந்தால் எங்கே, எப்படி என்று எழுதவேண்டும் என்றன. கல்லூரி மாணவரும் இதையே செய்யலாம். 'ஏஐ உதவியோடு எழுதப்பட்டது' என்று ஒற்றை வரி போட்டால் படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. இப்படி எழுதினால் தெரியும்:

"தலைப்பையும் வாதத்தையும் நானே முடிவுசெய்தேன். என் வாதத்துக்கு என்னென்ன மறுப்புகள் வரலாம் என்று சாட்ஜிபிடியிடம் கேட்டேன். மூன்றாம் பகுதியின் இரண்டாவது மறுப்பு அப்படிக் கிடைத்தது. அது தந்த நான்கு மேற்கோள்களில் இரண்டு நூலகத்தில் கிடைக்கவில்லை, அவற்றைச் சேர்க்கவில்லை. மற்ற இரண்டையும் படித்தபின் பயன்படுத்தியிருக்கிறேன். முழுக் கட்டுரையிலும் ஆங்கில இலக்கணப் பிழைகளை அதைக்கொண்டு திருத்தினேன். உரையாடலின் இணைப்பு பின்னிணைப்பில் உள்ளது."

இதைப் படிக்கும் ஆசிரியருக்கு மாணவர் எதைச் செய்தார், எதைச் செய்யவில்லை என்பது தெரிந்துவிடும். இதை எழுதும்போது மாணவருக்கும் தெரிந்துவிடும். எழுத உட்கார்ந்து, எழுத ஒன்றுமே இல்லையென்றால், அல்லது எழுத வெட்கமாக இருந்தால், அங்கேயே நிறுத்தி மறுபடி ஆரம்பிக்க நேரம் இருக்கிறது. இதில் ஆசிரியருக்கும் ஒரு கடமை உண்டு. உண்மையைச் சொன்ன மாணவருக்கு மதிப்பெண்ணைக் குறைத்து, மறைத்தவருக்கு முழு மதிப்பெண் கொடுத்தால், அடுத்த செமஸ்டரில் ஒருவரும் உண்மை சொல்லமாட்டார்கள்.

ஆசிரியர்கள் பக்கம்

இந்த ஏமாற்று வேலையை ஏஐதான் கொண்டுவந்தது என்று சொன்னால் அது நியாயமாகாது. சீனியரின் ரெக்கார்டு நோட்டை அப்படியே பார்த்து எழுதுவதும், பெரிய ஊர்களில் இறுதியாண்டு ப்ராஜெக்டைக் காசு கொடுத்து சென்டரில் வாங்குவதும் பல ஆண்டுகளாக எல்லோருக்கும் தெரிந்தே நடந்தவை. வாங்கியவர்களுக்கு வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், என்னென்ன கேட்பார்கள் என்று பயிற்சியும் அங்கேயே கிடைக்கும். ஏஐ செய்தது, அதற்கு ஆகும் செலவை ஏறக்குறைய இல்லாமல் ஆக்கியது. 'இதன் பண்புகளை விளக்குக', 'இதன் பயன்களைப் பட்டியலிடுக' என்று ஆண்டாண்டாக ஒரே தலைப்பைக் கொடுத்து, பக்கத்தை எண்ணி உள்மதிப்பீட்டு மதிப்பெண் போட்டுவந்தோம். யாரும் படிக்கப்போவதில்லை என்று தெரிந்த ஒன்றை மெனக்கெட்டு எழுத மாணவருக்கு என்ன காரணம் இருக்கிறது?

ஆசிரியர்களும் வினாத்தாள் தயாரிக்க, பாடக் குறிப்பு எழுத ஏஐயைப் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில், தன் பேராசிரியரின் வகுப்புக் குறிப்புகள் சாட்ஜிபிடி எழுதியவை என்று கண்டுபிடித்த ஒரு மாணவி, அந்தப் பாடத்துக்குக் கட்டிய சுமார் 8,000 டாலரைத் திருப்பிக் கேட்டார். பல்கலைக்கழகம் கொடுக்கவில்லை, 2025-ல் இது செய்தியானது. அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது. மாணவர் சொல்லவேண்டும் என்றால் ஆசிரியரும் சொல்லவேண்டும்.

சிட்னி பல்கலைக்கழகம் மதிப்பீடுகளை இரண்டு வழியாகப் பிரித்துவிட்டது. ஒன்றில் கண்காணிப்போடு, நேரடியாக, கற்றதைக் காட்டவேண்டும். இன்னொன்றில் ஏஐ உட்பட எதையும் பயன்படுத்தலாம். நடுவே, வீட்டில் எழுதிவா ஆனால் ஏஐயைத் தொடாதே என்ற விதியை வைப்பதில்லை, ஏனென்றால் அதை யாராலும் உறுதிப்படுத்த முடியாது. கடைப்பிடிக்கிறவரை மட்டும் தண்டிக்கும் விதி அது என்பதால், இந்தப் பிரிவினை எனக்குச் சரியாகப் படுகிறது. அதற்காக ஆஸ்திரேலியாவின் அமைப்பை அப்படியே நகலெடுக்கவும் வேண்டாம். நமக்குப் பழக்கமான வைவாவே கையில் இருக்கிறது. இப்போது அது ப்ராஜெக்டுக்கும் ஆய்வகத்துக்கும் மட்டும், அதுவும் பெரும்பாலும் சடங்காக நடக்கிறது. அதை அசைன்மென்டுக்கும் கொண்டுவரலாம்.

'உங்கள் இரண்டாவது பத்தியில் இப்படிச் சொல்லியிருக்கிறீர்கள், ஏன்?' 'இந்த மேற்கோளை எங்கே பார்த்தீர்கள்?' 'இந்த எண் தப்பாக இருந்தால் உங்கள் முடிவு மாறுமா?' மூன்று கேள்வி போதும். தமிழில் கேட்கலாம், தமிழிலேயே பதில் சொல்லவிடலாம். ஆங்கிலம் தடுமாறும் மாணவர் தனக்குத் தெரிந்ததைச் சொல்ல அதுவே வழி. ஏஐயிடம் நன்றாகக் கற்றுக்கொண்டு வந்தவர் பதில் சொல்லிவிடுவார், அவருக்கு மதிப்பெண் கொடுப்பதில் தவறே இல்லை. எதையும் படிக்காமல் ஒட்டிக்கொண்டு வந்தவர் முதல் கேள்வியிலேயே நின்றுவிடுவார். கருவி சொன்ன எண்ணால் சந்தேகத்துக்கு ஆளானவருக்கும் தன்னை நிரூபிக்க இது இடம் கொடுக்கும். அப்படிச் சந்தேகப்படும் நிலை வரலாம் என்று நினைக்கும் மாணவர்கள், கைப்பிரதியையும் குறிப்புகளையும் எறியாமல் வைத்திருங்கள். கூகுள் டாக்ஸில் எழுதினால் எப்போது எந்த வரி எழுதப்பட்டது என்ற வரலாறு தானாகவே சேமிக்கப்படும்.

நேரம் எங்கே இருக்கிறது என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். கேட்பது நியாயம்தான், வகுப்பு எடுப்பதற்கு வெளியே அவர்கள் தலையில் ஏற்றியிருக்கும் வேலை கொஞ்சநஞ்சமல்ல. 60 பேர் வகுப்பில் ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றால் மொத்தம் ஐந்து மணி நேரம். செமஸ்டருக்கு மூன்று அசைன்மென்ட் என்பதை ஒன்றாகக் குறைத்து, மற்ற இரண்டைத் திருத்தும் நேரத்தை இதற்குக் கொடுத்தால் கணக்கு சரியாகிவிடும். இதைத் துறைத் தலைவரும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரும் பாடத்திட்டக் குழுவில் உட்கார்ந்து முடிவுசெய்ய வேண்டும். தனி ஆசிரியர் ஒருவர் தன் வகுப்பில் மட்டும் செய்தால், அவர் கடுமையானவர் என்ற பெயரோடு அது நின்றுபோகும்.